நெத்தி லைட்டு எரியல

அய்ய, அதுக்குப் போயி பையன அடிச்சீங்களாக்கா? பொம்மைப் படம்தானே பாத்தான். பத்தாங்கிளாஸ் படிக்கிறவனுக்குப் பொம்மைப் படம் இன்னாத்துக்குன்னு கேக்குறீங்க, அதானே? இதே கேள்விய நானும் கேட்டவதான். கேட்டது மட்டுமா, எங்க ஊருல அத்த வெச்சி ஒரு பஞ்சாயத்தே நடந்துச்சி. தீர்ப்பு சொன்ன மூணு பேர்ல நானும் ஒர்த்தி. சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன்.

உக்காருங்கக்கா. இந்த ரெஜிஸ்டரு ஆபீசுல இப்ப ஒன்னும் கூப்புட மாட்டாங்க. அந்தக் கண்ணாடி போட்ட ரைட்டரு இப்பத்தான் நாஷ்டாவுக்குப் போனாரு. நீங்க வில்லங்கம் போட்டுப் பாக்க வந்தீங்களா? மனையா? நல்லது, பாத்துட்டு வாங்குங்க. நானா? நான் வில்லங்கம் பாக்க வர்லக்கா, நானே ஒரு வில்லங்கம்தான். அத அப்புறம் சொல்றேன், மொதல்ல இத்தக் கேளுங்க. ஒங்க பையனுக்கு ஒதவும்.

எங்களுக்குக் கும்மிடிப்பூண்டி. அங்க சடையப்பன்னு ஒரு கேபிள்காரரு இருக்காரு. பஜார்ல ஒரு மாடி ரூமு, அதான் ஆபீசு. லோக்கல் சேனல்னு ஒன்னு வெச்சிக்கினு காது குத்து, மஞ்சத் தண்ணி, காணாமப் போன ஆடு, எல்லாத்தயும் வுட்டுக்கினு இருந்தாரு. ஒரு தபா பர்மா பஜாருக்குப் போனவரு, எவனோ ஒர்த்தன் சல்லிசாக் குடுக்குறான்னு ஒரு கட்டு சிடிய வாங்கினு வந்துட்டாரு. ஊட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா பொம்மைப் படம். எந்த ஊரு பாஷைன்னே தெரியல. இங்கிலீஷும் இல்ல, இந்தியும் இல்ல, நம்ம தெலுங்கும் இல்ல. தொண்டைல மீன் முள்ளு மாட்னவன் பேசற மாரி இருக்குது. வேற ஆளா இருந்தா தூக்கிக் கடாசியிருப்பான். இவரு இன்னா பண்ணாரு தெரியுமா? சவுண்ட அமுக்கிட்டு, மைக்க வாயாண்ட வெச்சிக்கினு, அவரே பேச ஆரம்பிச்சிட்டாரு!

எல்லாருக்கும் அவரேதான்க்கா. ஆம்பள, பொம்பள, கொழந்த, நாயி, இடி, மழ, அல்லாமே ஒரே வாயி. நடுவுல டீக்கார பையன் வந்து கிளாஸ் வெச்சா அந்த சவுண்டும் கேக்கும். ஆட்டோக்காரன் கீழ ஆரன் அடிச்சா, ஏய், உலகமே அழிஞ்சி போச்சி, இன்னும் இன்னாடா ஆரன்னு படத்துலர்ந்தே திட்டுவாரு.

ஆமாக்கா, உலகம் அழிஞ்சி போச்சி. அதான் கதையே. ஊரெல்லாம் எரிஞ்சி, ஒரே சாம்பலு, பாலம்லாம் பாதில ஒடஞ்சி தொங்குது. எங்க புள்ளைங்க அத்தப் பாத்தவொடனே, டேய் நம்ம அத்திப்பட்டு பவர் ஹவுஸுடான்னு கத்துச்சிங்க. அதுல மிச்சம் நாலே பேரு. ஒரு குண்டு ஆபீசரு, ரெட்ட ஜட போட்ட ஒரு பொண்ணு, ஒரு தகர ரோபோ, கைல தோசக்கல்லு வெச்சிக்கினு ஒரு பெரிம்மா. நாலு பேரும் ஒரு ஒடஞ்ச பஸ்ல குடியிருக்காங்க. அந்தக் குண்டு ஆபீசரு இருக்கான் பாருங்க, தெனம் காலைல எழுந்து வெளிய வந்து க்யூவுல நிப்பான். முன்னாடியும் ஒர்த்தன் இல்ல, பின்னாடியும் ஒர்த்தன் இல்ல. தனியா நின்னுக்கினு, சார் தள்ளாதீங்க, சார் தள்ளாதீங்கன்றான்! சிரிக்கிறீங்க பாத்தீங்களா? இதுக்குத்தான் ஊரே சிரிச்சிச்சி. மிச்ச மீதின்னு பேரு வெச்சிட்டாரு அந்தப் படத்துக்கு. எட்டு மணியானா பஜார்ல ஒரு ஈ காக்கா இருக்காது. அப்பப்ப கரண்டு போயிடும். பக்கத்துலயே கரண்டு செய்றான், நமக்குக் கரண்டு இல்ல பாருங்க. வந்தவொடனே, விட்ட எடத்துலர்ந்து பேசுப்பான்னு ஆபீசுக்கே போன் போட்டுக் கேப்பாங்களாம்.

எனக்கு மட்டும் சிரிப்பு வர்ல. எனக்கு ஒரே பொண்ணு, மோனிகான்னு. அப்ப பத்தாவது. அவங்க நைனா மஞ்சக்காமாலைல போயி சேந்துட்டாரு, புள்ள அஞ்சாவது படிக்கும்போது. நான் ஒரு இரும்புக் கம்பெனி கேன்டீன்ல சமைக்கிறேன். அண்டா அண்டாவா சாம்பார் வெச்சி அவள ஆளாக்கிக்கினு இருந்தேன். இவ இன்னான்னா, அரையாண்டு பரிச்சைல சமூக அறிவியல் பேப்பர்ல, உலகம் அழிந்துவிட்டதால் இக்கேள்விக்கு விடை தேவையில்லைன்னு எழுதி வெச்சிட்டு வந்துட்டா! அவ மட்டுமில்லக்கா, கிளாஸ்ல பாதிப் பேரு. வாத்தியாரு பெரம்பத் தூக்குனா, உலகமே போச்சி, நீங்க இன்னா சார் இன்னும்ன்றானுங்க.

பேரண்ட்ஸ் மீட்டிங் போட்டாங்க. கேபிள அறுத்துடணும், அந்தாள ஊர வுட்டுத் தொரத்தணும்னு ஒரே சத்தம். எல்லாரயும் வுட அதிகமா கத்துனது ஆரு? நான்தான். மண்ட ஓட்டக் காட்டுறான், எலும்பக் காட்டுறான், ரோபோ புகை வுடும்போது அசிங்கமா சத்தம் குடுக்குறான், வயசுப் புள்ளைங்க பாக்குற படமாய்யா இதுன்னு கேட்டேன். பெரிய டீச்சரு இன்னா சொன்னாங்க, சும்மா கத்தாதீங்க, மூணு பேரு போயி படத்தப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, புள்ளைங்க பாக்கலாமா வாணாமான்னு. கணக்கு வாத்தியாரு நூர் அகமது ஒர்த்தரு. பழவேற்காட்டுக்காரரு, சிரிச்சி ஆரும் பாத்ததில்ல. சர்ச்சு கமிட்டிலர்ந்து எங்க அண்ணன் பாக்கியராஜ். மூணாவது, அதிகமா கத்துன நானு.

எங்க அண்ணனப் பத்தி ஒன்னு சொல்லிடறேன்க்கா. நல்ல மனுஷன். என் ஊட்டுக்காரரு போனப்ப என் கூரைக்கு ஓல போட்டதும் அவருதான், ஷீட்டு போட்டதும் அவருதான். கிறிஸ்மஸ் பெரிய நாளுக்குப் புள்ளைக்குத் துணி எடுக்காம இருந்ததில்ல. ஆனா என்னப் பாக்கும்போதெல்லாம் ஒரு முழம் தள்ளி நின்னு பாப்பாரு. தங்கச்சி தல குனிஞ்சி நடக்குறாளா, ஆராண்டயாவது நின்னு பேசுறாளான்னு. அவரு பேரக் காப்பாத்தணுமேன்னு நானும் அப்பிடியே இருந்துட்டேன். சிரிக்கிறதுன்னா இன்னான்னே மறந்து போச்சி.

ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சி, மத்தியானம் நாங்க மூணு பேரும் அந்த மாடி ரூமுக்குப் போனோம். சடையப்பன் மூணு சேரு தொடச்சிப் போட்டாரு. மனுஷனுக்கு நெத்தியெல்லாம் வேர்வ. சிடியப் போட்டு, மைக்கப் புடிச்சிக்கினு, எங்க எதுருலயே பேச ஆரம்பிச்சாரு. பாவம், மொதல்ல கொரலு நடுங்குது, ரோபோவுக்குக் காச்சல் வந்த மாரி இருந்துச்சி.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாத்தியாரு எழுந்துட்டாரு. ஒன்னுக்குப் போயிட்டு வரேன்னாரு. வந்து உக்காந்தாரு. திரும்பவும் எழுந்துட்டாரு. இன்னாடா, மனுஷனுக்கு சக்கர வியாதியான்னு நான் ஜன்னலாண்ட எட்டிப் பாத்தா, கீழ சைக்கிள் நிறுத்துற எடத்துல செவுத்தப் புடிச்சிக்கினு, குலுங்கிக் குலுங்கி சிரிச்சிக்கினு இருக்காரு! சிரிச்சி முடிச்சிட்டு, கண்ணத் தொடச்சிக்கினு, மூஞ்ச உர்ருன்னு வெச்சிக்கினு மாடியேறி வராரு. அவ்ளோதான்க்கா. படத்துக்குச் சிரிக்காத நானு, அவர நெனச்சி சிரிக்க ஆரம்பிச்சிட்டேன். அந்த நேரம் பாத்து குண்டு ஆபீசரு க்யூவுல நின்னுக்கினு, சார் தள்ளாதீங்கன்றான். எனக்கு நெஞ்சே அடைச்சிடுச்சி. சேர்லர்ந்து சரிஞ்சி கீழ உக்காந்துட்டேன். அம்மாம் சிரிப்பு. பஜாருக்கே கேட்டிருக்கும். சடையப்பன் பேசறத நிறுத்திட்டு என்னயே பாக்குறாரு, இன்னமோ லாட்டரி வுழுந்த மாரி.

எங்க அண்ணன் மட்டும் சிரிக்கல. ஞானம்மா, எழுந்துருன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு.

நாலு வாரம், கட்டுல பாதி சிடி வரைக்கும் பாத்தோம்க்கா. சும்மா சொல்லக் கூடாது, நல்லா அலசிட்டோம். மண்ட ஓடு இருக்கட்டும், சுடுகாட்டுப் பக்கம் பள்ளிக்கூடம் போற புள்ளைங்களுக்கு மண்ட ஓடு இன்னா புதுசான்னாரு வாத்தியாரு. புகை சத்தமும் இருந்துட்டுப் போவட்டும், அது எல்லார் ஊட்லயும் கேக்குறதுதான்னாரு. ரோபோ பேசற ரெண்டு கெட்ட வார்த்தைய எடுத்துடணும். எனக்கு ஒன்னே ஒன்னுதான் ஒறுத்துச்சி. அந்தக் குண்டு ஆபீசரு சாயங்காலம் ஆனா வானத்தப் பாத்துக்கினு, நானும் அவங்களோடயே போயிருக்கலாம்னு சொல்லுவான். எல்லாரும் சிரிப்பாங்க. நான் சொன்னேன், இது வாணாம். பரிச்சைல ஃபெயிலான புள்ள ஊட்ல தனியா உக்காந்துக்கினு இத்தக் கேட்டா, அதுக்குச் சிரிப்பு வராது. அந்த வார்த்தைய நானும் ஒரு காலத்துல சொல்லினு இருந்தவதான்னேன். சடையப்பன் ஒரு வார்த்த கேக்கல, ஏன் எதுக்குன்னு கேக்கல. சிடியப் பின்னாடி இழுத்து, அதே எடத்துல, ஒரு மசால் வட இருந்தா நல்லா இருக்கும்னு பேசிக் காட்டுனாரு. அதே மூஞ்சி, அதே வானம், மசால் வட. எனக்குச் சிரிப்பும் வந்துச்சி, கூடவே கண்ணுல தண்ணியும் வந்துச்சி. சொன்னவொடனே மாத்துற ஆம்பளய எங்கக்கா பாத்திருக்கோம் நாம?

தீர்ப்பு இன்னான்னா, பதிமூணு வயசுக்கு மேல இருக்கிற புள்ளைங்க பாக்கலாம். வாத்தியாரு மீட்டிங்ல எழுந்து நின்னு சொன்னாரு. உலகம் அழியறதப் பாத்து நம்ம புள்ளைங்க சிரிக்கல. அல்லாம் போன அப்புறமும் இந்த நாலு பேரு ஆரு தண்ணி எடுக்கறதுன்னு சண்ட போட்டுக்கினே ஒன்னா இருக்குதுங்க பாரு, அதுக்குச் சிரிக்குதுங்க. அது கெட்டதுன்னு எனக்குத் தோணலன்னாரு. கை தட்டுனாங்க. அண்ணன் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லன்னுட்டு எறங்கிப் போயிட்டாரு. ஊட்டுக்கு வந்து சொன்னாரு, படத்துக்கு இல்லம்மா நான் சொன்னது. புருஷன் இல்லாதவ பஜாருக்குக் கேக்குற மாரி சிரிச்சா, அது நமக்கு ஆவுமா?

நான் எழுந்து போயி அவருக்கு சோறு போட்டு வெச்சேன்.

இதுல ஒரு கூத்து இருக்குதுக்கா. வாத்தியாரு ஒரு கண்டிஷன் போட்டாரு. ஆம்பள கொரல்ல பொம்பள பேசறது கேலி பண்ற மாரி இருக்குது, பெரிம்மாவுக்கு ஒரு பொம்பளதான் பேசணும்னு. ஆரு பேசறது? அவரே சொன்னாரு, ஞானம்மா பேசட்டும், மீட்டிங்ல கத்துனப்பவே கொரலு சரியா இருந்துச்சின்னு! முடியவே முடியாதுன்னேன். மோனிகா வுடல. போம்மா, நீ தெனம் என்னத் திட்றதத்தான் அங்க போயி திட்டப் போறன்னா.

போனேன். கேன்டீன் வேல முடிச்சி, கூட வேல செய்ற ஜபீனத் தொணைக்கு இட்டுக்கினு போவேன். கணக்கு ரொம்ப சிம்பிளு. ரோபோ நெத்தில ஒரு லைட்டு இருக்குது, அது எரிஞ்சா அவரு பேசணும். பெரிம்மா வாயி அசஞ்சா நான் பேசணும். அய்யோ, அந்த ஒரு வருசம் இருக்குதே! கம்பெனி கேட்டாண்ட லாரிக்காரன்லாம், பெரிம்மா வணக்கம், தோசக்கல்லு எங்கன்றான். சாம்பார் ஊத்தும்போது எவனாவது சத்தம் போட்டா, பெரிம்மா கொரல்ல ஒரு அதட்டு வுடுவேன், கப்சிப். மோனிகாவும் பரிச்சைல நல்ல மார்க்கு வாங்கிட்டா, ப்ளஸ் ஒன்னு சேந்துட்டா. சடையப்பன் என்னாண்ட வேற பேச்சே பேசுனதில்ல. மைக்குல ஊரையே சிரிக்க வெக்கிறவரு, மைக்க கீழ வெச்சிட்டா வாயில கொழுக்கட்டைதான். டீ சாப்புடறீங்களா? ஃபேன் போடட்டுமா? அவ்ளோதான். வயசு நாப்பத்தஞ்சு ஆவுது, கல்யாணமே பண்ணிக்கல. அம்மாவ வெச்சிப் பாத்துக்கினே இருந்து, அந்தம்மாவும் போனப்புறம் ஆளு ஒண்டிக்கட்ட.

கட்டுல கடைசி சிடி வந்துச்சி. நாலு பேரும் பஸ்ஸத் தள்ளிக்கினு போறாங்க. திடீர்னு ரோபோ பேசுது. பெரிம்மா, உலகத்துல மிச்சம் இருக்கறதே நாமதான். நீ சிரிச்சா எனக்குப் பொழுது விடிஞ்ச மாரி இருக்குது. நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா? அப்பிடின்னுது! நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன். பெரிம்மா வாயி அசையல, நான் இன்னா பேசறது? அதுக்குள்ள படத்துல பெரிம்மா தோசக்கல்ல எடுத்து ரோபோ மண்டைல டமார்னு ஒன்னு போட்டா பாருங்க! ஊரே சிரிச்சிச்சி. கீழ டீக்கடைல விசில் அடிக்கிறானுங்க. படம் முடிஞ்சிடுச்சி. சடையப்பன் மைக்க ஆஃப் பண்ணி வெச்சாரு, என் மூஞ்சப் பாக்காம, ஒங்களுக்கு ரொம்ப செரமம் குடுத்துட்டேன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு.

நான் சிரிச்சிக்கினே ஊட்டுக்குப் போறேன். மோனிகா வாசல்ல நிக்கிறா, மூஞ்சில சிரிப்பு இல்ல. இன்னாடி, நல்லால்லியான்னேன். அம்மா, அந்த ரோபோவுக்கு நெத்தி லைட்டு எரியலம்மான்னா.

இன்னாடி சொல்றன்னேன்.

அது வாயே தொறக்கலம்மா. சும்மா பஸ்ஸத் தள்ளிக்கினு இருந்துச்சி. நெத்தி லைட்டு எரியவே இல்ல. அது பேசுனது ரோபோ இல்லம்மான்றா.

இந்த வயசுல, கைல சாம்பார் வாசனயோட, வாசப்படிலயே நிக்கிறேன்க்கா. புள்ள எதுருல, புள்ளைக்குத் தெரிஞ்சி! நான் சொன்னேன், இதெல்லாம் நீ பேசற வயசு இல்ல, உள்ள போயி படின்னேன். அவ போவல. எனக்கு வயசு பதினாறு, நான் பாக்கலாம்னு நீதான தீர்ப்பு சொன்ன, இப்ப நான் சொல்றேன், நீயும் பாக்கலாம்னா. அந்த மனுஷன் தோசக்கல்லுல அடிச்சத பதிலுன்னு நெனச்சிக்கினு போயிட்டாரும்மா, போயி சொல்லும்மான்னா. அழுவுறா, சிரிக்கிறா, என்னப் புடிச்சித் தள்றா.

மறுநாளு சாயங்காலம் போனேன். ஆபீசு பூட்டியிருக்குது. அடுத்த நாளும் பூட்டியிருக்குது. மிச்ச மீதி எங்கன்னு ஊரே கேக்குது, ஆளக் காணும். வாத்தியாருதான் கண்டுபுடிச்சிக் குடுத்தாரு. இங்க திருவள்ளூர்ல அவரு அம்மா ஊடு இருக்குது, அதுக்குள்ள பூந்துக்கினு படுத்திருக்காரு. ஜபீனயும் இட்டுக்கினு நான் வந்து கதவத் தட்டுனேன். தொறந்து பாத்துட்டு மனுஷன் இன்னா கேட்டாரு தெரியுமா? டீ சாப்புடறீங்களான்னாரு! நான் பெரிம்மா கொரல எடுத்தேன். இன்னா தகரம், ஒரு அடிக்கே பேட்டரி பூட்ச்சான்னு கேட்டேன். அவ்ளோதான். படில உக்காந்துட்டாரு, சிரிப்பா அழுவையான்னு தெரியாம. ஜபீன் திரும்பி நின்னுக்கினு துப்பட்டாவால மூஞ்ச மூடிக்கினா.

அதோ, கேட்டாண்ட பட்டு வேட்டி கட்டிக்கினு ரோட்டப் பாத்துக்கினு நிக்கிறாரே, அவருதான். இந்தப் பக்கம் தொப்பி போட்டுக்கினு உர்ருன்னு உக்காந்திருக்காரே, நூர் அகமது வாத்தியாரு. பூவ மடில வெச்சிக்கினு இருக்கறவ ஜபீன். மஞ்ச சுடிதாரு என் பொண்ணு. ஆமாக்கா, இன்னிக்கித்தான். அவரு சாமி வேற, நம்ம சாமி வேற, அதனால ரெஜிஸ்டரு கல்யாணம். ஒரு மாசத்துக்கு முன்னாடியே பேரு எழுதி அந்த போர்டுல ஒட்டிட்டாங்க. ஆருக்காவது ஆட்சேபனை இருந்தா சொல்லலாம்னு.

எங்க அண்ணன் வந்து பாத்திருக்காரு. ரைட்டரு சொன்னாரு, வெள்ளச் சட்ட, கக்கத்துல வேதப்புஸ்தகப் பையி, ரொம்ப நேரம் நின்னு படிச்சாராம். ஆட்சேபனை எழுதணுமான்னு இவரு கேட்டாராம். பேப்பரு ஒரு மூலைல ஒட்டு வுட்டுத் தொங்கினு இருந்திருக்குது. அண்ணன் அத்தக் கட்ட விரலால அழுத்தி ஒட்டிட்டுப் போயிட்டாராம்.

எனக்கு அது போதும்க்கா. சத்தியமாப் போதும். ஆனா கவர்மெண்டுக்குப் போதாது. சாட்சி மூணு பேரு வேணுமாம். வாத்தியாரு ஒன்னு, ஜபீன் ஒன்னு. மூணாவது சாட்சிக்கு எங்க அண்ணன் வருவாருன்னு சடையப்பன் கேட்டாண்டயே நிக்கிறாரு. வர மாட்டாரு, எனக்குத் தெரியும். காலைலர்ந்து இந்தப் பெஞ்சுல எத்தினியோ பேரப் பாத்தேன், ஆராண்டயும் கேக்கத் தோணல. நீங்க சிரிச்சீங்க. அதான்.

ஓட்டு கார்டு பையில இருக்குதா? ஒரே ஒரு கையெழுத்துதான்க்கா. அய்ய, நீங்க இன்னாத்துக்குக் கண்ணத் தொடச்சிக்கிறீங்க, எழுந்துருங்க. அதோ ரைட்டரு வந்துட்டாரு. மோனிகா, கேட்டாண்ட நிக்கிற ஒங்க சித்தப்பாவக் கூப்புடுடி, ஆளு கெடச்சிட்டாங்க! வாங்கக்கா, வாங்க. தோ பாருங்க, இம்மா நேரம் பேசிக்கினு இருக்கேன், இன்னும் கேக்கவே இல்ல, ஒங்க பேரு இன்னாக்கா?